ஓடுகிறவன் நிறம் பார்ப்பானா?

உவர்மலையான்:

போர்க்கால விமானங்களின் சிறு மாதிரிகளை ஒட்டி நிறம் தீட்டும் பைத்தியம் திருகோணமலையில் எனக்கு மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். போன மாதம் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு கடையில், இருப்பதிலேயே சிறிய எனாமல் பேணியாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் மெதுவாக, "படலைக்கா, விமானத்துக்கா?" என்றார். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேர். இன்னும் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறீர்கள் என்று பார்ப்போம். என் கதையை முதலில் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

சமாதான காலம், 2003. லண்டனிலிருந்து வந்த சித்தப்பா ஒரு எயர்பிக்ஸ் பெட்டி கொண்டுவந்தார். 72இல் 1 பங்கு அளவில் ஹரிக்கேன் என்ற பிரித்தானியப் போர் விமானம். உண்மையான விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 12 மீற்றருக்குச் சற்று அதிகம். என் கையில் வந்தது 17 சென்ரிமீற்றர். அதைச் சீரழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பசை என்று நாம் சொல்வது ஒட்டுகிற பசை அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும் திரவம் என்பது அப்போது தெரியாது. தாராளமாக விட்டேன். வலது இறக்கையில் என் பெருவிரல் ரேகை இன்றைக்கும் இருக்கிறது. அடையாள அட்டைக்கே அவ்வளவு தெளிவாக வைத்ததில்லை.

பெட்டியின் மேல் படத்தில் இருந்தது இங்கிலாந்து வானம். அதே ஹரிக்கேன்கள் நம் சீனக்குடாவிலிருந்தும் பறந்தன என்பதைச் சில வருடங்கள் கழித்துத்தான் அறிந்தேன். 1942 மார்ச்சில் இன்டொமிற்றபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்து இறங்கியது பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணி. ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானியத் தளபதி நாகுமோவின் கப்பல்களிலிருந்து ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேல் வந்தபோது எதிர்த்து மேலேறியவை அவைதான். இதைத் தெரிந்த பிறகு பெட்டிப் படத்தின்படி ஒட்ட மனம் வரவில்லை. நம் ஊர் ஹரிக்கேன்தான் வேண்டும் என்று பிடிவாதம்.

சிக்கல் மூக்கில் இருந்தது. புழுதியான நாடுகளுக்கு அனுப்பிய ஹரிக்கேன்களின் தாடைக்குக் கீழே ஒரு காற்று வடிகட்டி புடைத்துக்கொண்டிருக்கும். என் பெட்டியில் அது கிடையாது. முள்முருக்கங் கட்டையில் புளியங்கொட்டை அளவில் ஒன்றைச் செதுக்கினேன். முதல் நான்கும் பிளந்தன. ஐந்தாவதைச் செதுக்கி, அரத்தாளில் தேய்த்து, மரத்தின் நரம்பு தெரியாமலிருக்க மூன்று தடவை பூச்சு பூசி ஒட்டியபோது விடிந்துவிட்டது.

அடுத்தது சீரோ, ஜப்பானியரின் போர் விமானம். வேலை அதில் சுலபம், நிறத்தில்தான் வம்பு. வெளிர் சாம்பல் என்பார்கள் சிலர். பச்சையும் காவியும் கலந்த சாம்பல் என்பார்கள் சிலர். இதை வைத்து உலகம் முழுக்கச் சண்டை. நான் மூன்று சாம்பல்களைக் கலந்து ஓர் அட்டையில் பட்டை பட்டையாகத் தீட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்த நண்பன், "என் அம்மப்பா அந்த விமானங்களை நேரில் பார்த்தவர், அவரையே கேட்போமே" என்றான். 2009ஆம் ஆண்டு. அவருக்கு எழுபத்தாறு வயது, வீடு திருக்கடலூரில். அட்டையையும் இரண்டு விமானங்களையும் சப்பாத்துப் பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துப் போனோம்.

சீரோவை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஹரிக்கேனை எடுத்து, என் ஐந்தாவது முள்முருக்கத் துண்டைப் பெருவிரலால் தடவி, "இதற்கென்ன, கழலையா?" என்று கேட்டார். வடிகட்டி என்று விளக்கினேன். தலையாட்டினார். பிறகு அட்டையை நீட்டி, "ஐயா, சிவப்பு வட்டம் போட்ட விமானம் இந்த மூன்றில் எந்த நிறம்?" என்றேன். வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறார், என் கையில் சோற்றுப் பானை. ஓடுகிறவன் நிறம் பார்ப்பானா?"

சிவப்பு வட்டம் மட்டும் நினைவிருக்கிறது என்றார். தம்பலகாமம் வரை நடந்ததும், சீனக்குடாப் பக்கம் எண்ணெய்க் குதம் எரிந்த புகை நாட்கணக்கில் நின்றதும், அந்தப் பானைச் சோறு வழியிலேயே புளித்துப்போனதும் நினைவிருக்கிறது. சோற்றைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். பேச்சுக்கிடையில் ஹரிக்கேனின் ஒரு சக்கரக் கால் அவர் கையோடு வந்துவிட்டது. சின்னப் பிள்ளையைப் போல அதை உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்து, நாங்கள் எழும்பும்போதுதான் நீட்டினார். "கெதியாக ஒட்டிவிடு" என்றார்.

சீரோவுக்கு நடுவிலிருந்த சாம்பலையே தீட்டினேன். அதற்கு என்ன ஆதாரம் என்று யாரும் கேட்க வேண்டாம்.

பாலையூற்று:

நீங்கள் 2003. நான் 2007. காலத்தின் வித்தியாசம் உங்களுக்கே விளங்கும்.

மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின் மீது புலிகளின் வான் தாக்குதல் நடந்தது. அடுத்த மாதம் நான் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறேன், பையில் ஸ்பிட்பயர் என்ற போர் விமானத்தின் மாதிரிப் பெட்டி. புத்தி என்று ஒன்று இருந்திருந்தால் கொண்டுவந்திருக்க மாட்டேன். ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறந்தார்கள். இறக்கை, வால், விசிறி, பசைக்குழாய், ஆறு சின்னப் பேணிகளில் பூச்சு, பொருத்தும் முறையைப் படிப்படியாகக் காட்டும் ஒரு கடதாசி. ஒரு விமானத்தை ஒளித்துக் கொண்டுபோக நினைப்பவன்கூட இவ்வளவு ஒழுங்காகக் கொண்டுபோக மாட்டான்.

பஸ் போய்விட்டது. நான் வாங்கில். பெரியவர் ஒருவர் வந்து கடதாசியை விரித்து நெடுநேரம் படித்தார். தமிழும் சிங்களமும் கலந்து, "எவ்வளவு தூரம் பறக்கும்?" என்று கேட்டார். "பறக்காது சேர், அலமாரியில் நிற்கும்" என்றேன். "அப்படியானால் எதற்கு?" என்றார். அந்தக் கேள்விக்கு என் மனைவியிடமும் இன்றுவரை பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, துண்டுகளை எண்ணிப் பார்த்துப் பெட்டியைத் தந்தார்கள். பசையும் பூச்சும் தீப்பற்றும் என்று அங்கேயே தங்கிவிட்டன.

அதன் விளைவு இதைவிட மோசம். பூச்சு இல்லாமல் பொறுக்க முடியாமல், தங்கச்சியின் நகப்பூச்சை எடுத்து இறக்கையில் தீட்டினேன். நகப்பூச்சில் உள்ள கரைப்பான் வெறும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கோடையில் வெடித்த வயலைப் போல அந்த இறக்கை பாளம் பாளமாக வெடித்தது. தங்கச்சி தன் பூச்சுக்காக அழுதாள், நான் இறக்கைக்காக. அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஏசினார்.

நிலாவெளி வீதி:

உவர்மலையார் கோபிக்கக் கூடாது. உங்கள் அலமாரியில் அந்த ஹரிக்கேனைப் பார்த்திருக்கிறேன். கழலை அருமை. இறக்கையில் போடும் பிரித்தானிய அடையாள வட்டம் பிழை. நீலமும் வெள்ளையும் மட்டும் போட்டிருக்கிறீர்கள். வட்டத்தின் நடுவிலிருந்த சிவப்பை ஜப்பானியச் சூரியனோடு குழப்பிக்கொள்வார்கள் என்றுதான் இந்தப் பக்கத்து விமானங்களில் எடுத்தார்கள், அதுவும் 1943இல்தான். 1942 ஏப்ரலில் நடுவில் சிவப்பு இருந்தது. சோற்றுப் பானை ஐயா சிவப்பு வட்டம் பார்த்தேன் என்றாரே, அது எந்தப் பக்கத்து விமானம் என்று நான் கேட்கப் போவதில்லை.

இன்னொன்று. மாரிக்கு லாக்கர் பூச்சைத் தெளிக்காதீர்கள். காற்றில் உள்ள ஈரம் பூச்சில் இறங்கி, மேற்பரப்பு சாம்பல் பூத்ததுபோல வெளிறிவிடும். தையும் மாசியும் கழியட்டும். நீரில் நனைத்து ஒட்டும் அடையாளத் தாள்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது; காய்ந்ததும் உப்பு வெள்ளை வளையமாக நிற்கும். மழைத்தண்ணீரைப் போத்தலில் பிடித்து வையுங்கள்.

எண்ணெய்க் குதத்தின் மீது ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்த காட்சியைப் பஞ்சுப் புகையோடு செய்து தரச் சொல்லி ஒருவர் காசோடு வந்தார். செய்யவில்லை. யுத்தகால மயானத்தைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கிண்ணியா:

நான் கோர்செயார்காரன். 1944இல் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் கப்பல்கள் நம் துறைமுகத்தில் நின்றபோது, இலஸ்ரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த அமெரிக்கத் தயாரிப்புப் போர் விமானம் அது. ஏப்ரல் 19ஆம் திகதி சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிய அணி இங்கிருந்துதான் புறப்பட்டது. இறக்கையை மேல்நோக்கி மடித்தால் பிரித்தானியக் கப்பல்களின் கீழ்த்தளக் கூரையில் இடிக்கும் என்பதால், நுனியில் பக்கத்துக்கு 8 அங்குலம் வெட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் அமெரிக்க இறக்கை. அப்படியென்றால் 72இல் 1 பங்கில் பக்கத்துக்கு 3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக நாமே வெட்ட வேண்டும்.

வெட்டினேன். வலது இறக்கையை அளந்து வெட்டினேன். அப்போது வாப்பா கூப்பிட்டார், போய் வந்தேன். வந்து, வெட்டிய இறக்கையையே மறுபடி அளந்து வெட்டினேன். ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் எந்த நாடும் இல்லை. காக்கா, என் அண்ணன், பார்த்துவிட்டு, "இது வட்டமாகவே பறக்கும்" என்றார்.

இரண்டாவது கோர்செயாரில் அளவு சரியாக வந்தது. கடைசிப் பளபளப்புப் பூச்சையும் பூசி இரவு காயவைத்தேன். காலையில் பார்த்தால் வாலிலிருந்து விமானியின் கண்ணாடி வரை பல்லியின் கால் தடம், ஐந்து விரலும் தெளிவாக. நடுவில் வாலை இழுத்த கோடு வேறு. உம்மா பலன் பார்க்கிறவர் இல்லை, ஆனாலும் பக்கத்து வீட்டம்மா வந்து, பல்லி விமானத்தில் ஏறினால் வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு வருடம் ஆகிறது. இன்னும் கிண்ணியாவில்தான் இருக்கிறேன்.

உவர்மலையான்:

நிலாவெளியாரே, ஏற்றுக்கொள்கிறேன். வட்டத்தைச் சுரண்டி மறுபடி போட வேண்டும். சுரண்டினால் கழலையும் கழன்றுவிடுமோ என்ற பயம்தான்.

இதற்கிடையில் வேறு ஒன்றில் கைவைத்துவிட்டேன். போர் விமானம் என்று பேசிக்கொண்டு குண்டுவீச்சு விமானத்துக்குத் தாவியதை மன்னியுங்கள்: பி-29. 1944 ஆகஸ்ட் 10ஆம் திகதி சீனக்குடாவிலிருந்து கிளம்பி சுமாத்திராவின் பலெம்பாங் வரை போய் வந்தவை. 144இல் 1 பங்கிலேயே 30 சென்ரிமீற்றர். இதற்கு மூக்கின் கீழும் சக்கரம் உண்டு. உள்ளே பாரம் வைக்காவிட்டால் வாலில் குந்திவிடும். ஒட்டி மூடுவதற்கு முன்பே வைக்க வேண்டும். ஆகவே நேற்று தூண்டில் சாமான் கடைக்குப் போய், மிகச் சிறிய ஈயக்குண்டாகப் பத்துக் கேட்டேன்.

"என்ன மீனுக்கு?" என்றார் கடைக்காரர்.

சொன்னேன். ஈயத்தைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, பத்து காணாது, பதினைந்து கொண்டுபோ என்றார்.