ஐஇஎல்டிஎஸ் கேட்டல் தேர்வின் நான்காம் பகுதி: வழிகாட்டுதல் வேண்டும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். செவிலியரான என் தங்கை, பிரிட்டனில் பணிப்பதிவு பெறுவதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்னும் ஆங்கில மொழித்திறன் தேர்வுக்குத் தயாராகி வருகிறாள். கேட்டலில் அவளுக்கு 9-க்கு 7 என்ற தரப்புள்ளி (பேண்ட்) தேவை.

பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்கும் முதல் பகுதியும், வரைபடக் கேள்விகள் வரும் இரண்டாம் பகுதியும் அவளுக்கு நன்றாகவே வருகின்றன. ஆனால் ஒருவரே இடைநிறுத்தமின்றி நிகழ்த்தும் நான்காம் பகுதி விரிவுரையில், 31 முதல் 40 வரையிலான விடைகளில் ஒன்றை எழுதி எழுத்துக்கூட்டலைச் சரிபார்ப்பதற்குள் பேச்சாளர் அடுத்த இரண்டைக் கடந்துவிடுகிறார். ஒலிப்பதிவோ ஒரே முறைதான் ஒலிக்கும். சொல்லைச் சரியாகப் பிடித்தும், இறுதியில் வரும் பன்மைக்குரிய ‘எஸ்’ ஒலி காதில் விழாமல் போவதால் விடை தவறாகிவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மாதிரித் தேர்வுகளையே மீண்டும் மீண்டும் எழுதுவதைவிட, சிறு பகுதிகளைக் கேட்டு வரிக்கு வரி எழுதிப் பழகுவது அதிகப் பயன் தரும் என்பது என் எண்ணம். அவ்வாறு பயின்றவர்கள் எந்த வகை ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்தினீர்கள், ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து உச்சரிப்புகளுக்குக் காதை எப்படிப் பழக்கினீர்கள் என்று கூறினால் பேருதவியாக இருக்கும். கணினிவழித் தேர்வில் இறுதியில் விடைகளைச் சரிபார்க்க 2 நிமிடங்களே கிடைப்பதால், அம்முறையில் எழுதியவர்களின் அனுபவத்தைக் குறிப்பாக எதிர்பார்க்கிறேன்.