புதுப்பிப்பு: தனித் தட்டு போய்விட்டது

ரத்ததான முகாமில் எனக்கு ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) இருப்பது தெரிந்து, நானே எனக்கென்று தட்டும் டம்ளரும் ஒதுக்கிக்கொண்டதையும், தூக்கம் போனதையும் பங்குனியில் எழுதியிருந்தேன். "அக்காவிடமாவது சொல்லுங்கள்" என்றீர்கள். சொல்லிவிட்டேன்.

அக்கா அழவில்லை. மறுநாளே என்னோடு டாக்டரிடம் வந்தாள். சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத்தான் தொற்றும், ரேஸரும் பல் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும் என்றார் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை முடிந்து தடுப்பூசி தொடங்கியாயிற்று. 0, 1, 6 மாதம் என மூன்று தவணை.

எனக்கு இப்போதைக்கு மாத்திரை இல்லை, 6 மாதத்துக்கொருமுறை ஈரல் பரிசோதனைதான். ஆனால் ரிப்போர்ட் வரும் வாரம் சோறு இறங்காது. அந்தப் பயத்தைப் பற்றி ஈரல் டாக்டர் யாரும் கேட்டதில்லை. அவர்கள் கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு 14416-க்கு அழைத்தேன். டெலி மானஸ், அரசின் இலவச மனநல எண், தமிழிலேயே பேசலாம். பாதி நேரம் அழுதேன், பொறுமையாகக் கேட்டார்கள். இப்போது மாவட்ட ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் போகிறேன். தூக்கம் மெல்லத் திரும்புகிறது.

நேற்று அக்கா குழம்புச் சோறு பிசைந்து எல்லோர் கையிலும் உருட்டி வைத்தாள். என் கையிலும்.