படிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே என் கையெழுத்து

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

"கம்பெனியில் என்மேல் பழி போட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போகமாட்டோம் என்கிறார்கள். கொடுத்துவிட்டு அப்புறம் வக்கீலைப் பார்க்கலாமா?" என்று மேனோன்பாறைத் தம்பி நேற்று ராத்திரி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. முதலில் வக்கீல், மற்றதெல்லாம் அப்புறம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

கேரளத்தில், பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். 2018 பிப்ரவரியில் ஒருநாள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, கேட்டில் செக்யூரிட்டி என் வண்டியின் சைடு பாக்ஸைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். சாக்குத் துணியில் சுற்றிய செம்புக் கம்பித் துண்டுகள் உள்ளே கிடந்தன. நான் வைக்கவில்லை. அந்த பாக்ஸின் பூட்டு கெட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. பழைய டியூபை வெட்டிக் கட்டி வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம்.

ஆபீஸ் அறைக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர் மலையாளத்தில் ஒரு தாள் நிறைய எழுதினார். "பாக்ஸில் பொருள் இருந்தது, அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ, காலையில் பேசிக்கொள்ளலாம்" என்றார்.

எனக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும். ஆனால் படித்தது முழுக்கத் தமிழ் மீடியம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். கையால் வேகமாக எழுதியதைப் படிக்க முடியாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, வீட்டில் அம்மா தனியாக இருப்பார் என்ற நினைப்பு வேறு. போட்டுவிட்டேன். அந்தத் தாளில் தமிழில் இருந்தது என் பெயர் மட்டும்தான்.

நான்கு நாள் கழித்து சஸ்பென்ஷன் ஆர்டரோடு அந்தத் தாளின் நகல் வந்தது. பக்கத்து வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பெண் குழந்தை மலையாளம் மீடியம். அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, என் அம்மாவைப் பார்த்தாள். "நான்தான் எடுத்தேன், இதற்கு முன்னாலும் எடுத்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும்" என்று இருந்தது அந்த வரி.

முதலில் சித்தூர் கோர்ட்டில் தெரிந்த ஒரு வக்கீலிடம் போனேன். நல்ல மனிதர். "நான் நிலத்து கேஸ் பார்க்கிறவன். இதற்கு லேபர் கேஸ் பார்க்கிறவர் வேண்டும்" என்று பாலக்காட்டில் ஒருவரிடம் அனுப்பினார். ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம், அவர் அதைச் செய்யவில்லை. அந்த நேர்மையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பாலக்காட்டு வக்கீல் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். திருடினாயா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கிறதா, சஸ்பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்தது எந்தத் தேதி, அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டாயா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாக, "இதற்கு முந்தின மூன்று மாதத்தில் உனக்கும் அவர்களுக்கும் நடுவில் என்ன நடந்தது?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். யோசித்துச் சொல் என்றார். அப்போதுதான் நினைவு வந்தது. ஜனவரியில், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் சம்பளச் சீட்டில் வரவில்லை என்று நானும் இன்னொருவரும் எழுதிக் கொடுத்திருந்தோம். நகல் எடுத்து வைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அந்த இன்னொருவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன், தேதியோடு கிடந்தது. வக்கீல் அதை இரண்டு முறை பார்த்தார்.

அன்று சாயங்காலமே இரண்டு கடிதம் போனது. ஒன்று, அந்த இரவு சிசிடிவி பதிவையும் கேட் ரிஜிஸ்டரையும் பத்திரமாக வைக்கச் சொல்லி. கேமரா பதிவு கொஞ்ச நாளில் அதன்மேலேயே அழிந்துவிடும், அதனால் இதை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார். இன்னொன்று, எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில், இரவில், மூன்று பேர் நடுவில் வாங்கிய வாக்குமூலத்தை நான் ஏற்கவில்லை என்று. இரண்டும் ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையோடு. (2025இல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அனுப்புகிறவர்கள் ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.) பின்னால் கம்பெனி "பதிவு இல்லை" என்று சொன்னபோது, கேட்டும் ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி அவர்கள் பக்கம் திரும்பியது அந்தக் கடிதத்தால்தான்.

அடுத்து என்கொயரி, அதாவது கம்பெனியே நடத்துகிற விசாரணை. கோபத்தில் போகமாட்டேன் என்றேன். வக்கீல் திட்டினார். "நீ போகாவிட்டால் வரவில்லை என்று எழுதி ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். போ. சாட்சி யாரென்று கேள், அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்க விடு என்று கேள், கூட வேலை செய்கிறவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள். மறுத்தால் மறுத்ததை எழுதச் சொல்." துணைக்கு வந்தது ஓவர்டைம் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அந்த இன்னொருவர். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக் கடன் வேறு. வந்தார்.

தமிழில் நடத்தச் சொல்லிக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக் கேட்டார்கள். வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி, ஒவ்வொரு கையெழுத்துக்கும் மேலே தமிழில் எழுதினேன்: "இது எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் உள்ளது. மொழிபெயர்த்துச் சொல்லப்படவில்லை." பதினாறு பக்கம், பதினாறு முறை. நான்காவது பக்கத்தில் என்கொயரி நடத்திய அதிகாரி பேனாவை வாங்கப் பார்த்தார். என் பேனாதான் சார் என்று சொல்லி எழுதினேன்.

ஜூனில் டிஸ்மிஸ் ஆர்டர் வந்தது. லேபர் ஆபீசில் மனு கொடுத்தோம். கம்பெனி தரப்பு இரண்டு முறை வரவில்லை, ஒருமுறை ஆகஸ்ட் வெள்ளத்தால் தள்ளிப்போனது. அப்போதிருந்த 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் 2ஏ பிரிவுப்படி, மனு கொடுத்து 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் தொழிலாளியே நேராக வழக்குப் போடலாம். யூனியன் வேண்டும் என்றில்லை. பாலக்காட்டிலேயே தொழில் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே போட்டோம். 2020இல் கொரோனாவில் ஒரு வருடம் அப்படியே கிடந்தது. 2021இல், என்கொயரி முறையாக நடக்கவில்லை, அந்த வாக்குமூலத்தை வைத்து முடிவு எடுத்தது செல்லாது என்று உத்தரவு வந்தது. ஆனால் அதோடு ஜெயித்துவிட்டதாக அர்த்தமில்லை. குற்றத்தைத் தீர்ப்பாயத்தின் முன் புதிதாக நிரூபிக்க கம்பெனிக்கு வாய்ப்பு உண்டு. அவர்கள் அதைச் செய்யாமல் சமரசத்துக்கு வந்தார்கள். பணம், கிராஜுவிட்டி, 'திருட்டு' என்ற வார்த்தை இல்லாத சர்வீஸ் சர்டிபிகேட் மூன்றும் வாங்கிக்கொண்டேன். திரும்ப வேலைக்குப் போகவில்லை. அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போக என்னால் முடியாது.

தம்பி கவனிக்க வேண்டியது ஒன்று. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட மூன்று வருடம் கெடு இருந்தது, புதியதில் இரண்டுதான். யாரோ சொன்ன பழைய கணக்கை நம்பி இருந்துவிட வேண்டாம்.

சத்தியவேட்டிலிருந்து:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன்.

தமிழ்நாட்டு ஆரம்பாக்கத்திலிருந்து கட்டிக் கொடுத்து இந்த ஆந்திரப் பக்கம் வந்தவள் நான். தடா பக்கம் எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைனில் வேலை. ஒரு போர்டு காணவில்லை என்று எங்கள் லைனில் ஆறு பேரைச் சோதித்தார்கள், யாரிடமும் கிடைக்கவில்லை. மறுநாள் என்னை மட்டும் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம் என்று டிரைவருக்குப் போன் வந்தது. ஆர்டர், மெமோ எதுவும் இல்லை. டிபன் பாக்ஸோடு ரோட்டில் நின்றேன்.

எனக்கு நடந்த சிக்கல் வேறு. கம்பெனியில் கேட்டால் நீ எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டர் ஆள் என்றார்கள். கான்ட்ராக்டரைக் கேட்டால், நாங்கள் நீக்கவில்லை, நீதான் வரவில்லை என்றார். கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் அம்மா கிடைத்தார்கள். 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொழிலாளிக்கும் உண்டு, எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் உண்டு. 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் நான் தாலியை அடகு வைத்திருக்க மாட்டேன்.

அந்த வக்கீல் அம்மா முதலில் எழுத வைத்தது, "நான் வேலைக்கு வரத் தயார், என்னை உள்ளே விடவில்லை" என்று இரண்டு பேருக்கும் ஒரு கடிதம். வராமல் நின்றுவிட்டாள் என்று சொல்வதற்கு அதுதான் பதில். பிஎஃப் பாஸ்புக்கைப் போனில் திறந்து, யார் பெயரில் பணம் கட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஐடி கார்டு, பஸ் பாஸ், பேங்கில் சம்பளம் வந்த வரிகள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தோம். லேபர் ஆபீசில் கூப்பிட்டுப் பேசியதும் வேறு யூனிட்டில் வேலை தருகிறேன் என்றார் கான்ட்ராக்டர். நின்றுபோன நாளுக்குச் சம்பளமும் தந்தால் வருகிறேன் என்றேன். பாதி தந்தார். போனேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், எனக்கு அதற்கு மேல் நிற்கத் தெம்பில்லை.

பாலக்காடு டவுனிலிருந்து:

ஒரு எச்சரிக்கை. நான் ஒரு நிதி நிறுவனக் கிளையில் மேனேஜர். கணக்கில் கை வைத்தேன் என்று நீக்கினார்கள். லேபர் ஆபீசில் மனு கொடுத்து எட்டு மாதம் அலைந்தபின், நீங்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டீர்கள் என்று கம்பெனி வக்கீல் எதிர்த்தார். அது சரிதான். நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு அந்த வழி அடைப்பு. சூப்பர்வைசர் வேலைக்குச் சம்பள வரம்பு உண்டு, அதற்கு மேல் வாங்கினால் தொழிலாளி என்று எடுக்கமாட்டார்கள். பழைய சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய், புதியதில் 18,000. கார்டில் போட்டிருக்கிற பதவியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், உண்மையில் செய்த வேலை என்ன என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு வழக்குதான் மிஞ்சியது. முதல் நாளே சரியான வக்கீலிடம் போயிருந்தால் அந்த எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மூணாறிலிருந்து:

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அப்பாவைக் கொழுந்து எடையில் கள்ளக் கணக்கு என்று நிறுத்தினார்கள். எங்களுக்கு வேலை போனால், தோட்டத்தில் தந்த லயத்து வீடும் போகும். அந்தப் பயத்தில் அப்பா சொல்கிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். யூனியன் அண்ணன் ஒருவர்தான் நிறுத்தினார்.

ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியட்டும். கேரளத்தில் 1969ஆம் வருடத்து ஆட்சிமொழிச் சட்டத்தில், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கு நாம் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். இது கம்பெனிக்குப் பொருந்தாது, அரசு ஆபீசுக்குத்தான். நான் தமிழில் எழுதித்தான் கொடுத்தேன். வாங்குகிறவர் முகம் சுளித்தார். சீல் வைத்து ரசீது வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அப்பா ரிடையர் ஆகும்வரை அதே லயத்தில்தான் இருந்தோம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தங்கச்சி, பாதியாவது வாங்கிவிட்டுப் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நானும் சமரசம்தானே செய்தேன்.

சஸ்பென்ஷன் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நிலையாணைச் சட்டம் (தொழிற்சாலையின் வேலை விதிகளுக்கான சட்டம்) பொருந்துகிற இடத்தில் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், என்கொயரி நம்மால் இழுக்காவிட்டால் அப்புறம் முக்கால் என்று அன்று விதி இருந்தது. எனக்கு அவர்களாகத் தரவில்லை, வக்கீல் கடிதம் போன பிறகுதான் வந்தது. மீதிக்கு அம்மா இரண்டு எருமை வாங்கிப் பால் ஊற்றினார்.

மேனோன்பாறையிலிருந்து:

அண்ணா, இன்று காலை கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தாளை நீட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். தரமுடியாது என்றார்கள். அப்படியென்றால் கையெழுத்தும் போடமுடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசலுக்கு வந்ததும் கால் நடுங்கியது. என்ன நடந்தது என்று மணியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்துவிட்டது. நாளைக்குப் பத்து மணிக்கு அப்பாவோடு பாலக்காடு போகிறேன். பழைய கவர்களையும் கொண்டுபோக வேண்டுமா அண்ணா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கிழிந்த கவராக இருந்தாலும் சரி, தபால் முத்திரை இருக்கிற பக்கம் முக்கியம். நானும் பத்து மணிக்கு அங்கே வந்துவிடுகிறேன்.