அகராதியில் இல்லாத சொல்லை ஆட்டத்தில் சேர்க்கலாமா?

செக்கானூரணி அத்தை:

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு சொல் ஆட்டம் நடக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பிரித்து ஒருவர் ஒரு சொல்லை வாசிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் அதற்கு ஒரு பொய்ப் பொருளை எழுதித் தர வேண்டும். நிஜப் பொருளையும் அதோடு கலந்து வாசித்ததும், எது நிஜம் என்று ஓட்டுப் போடுவோம். நம் பொய்யை எத்தனை பேர் நம்புகிறார்களோ அத்தனை புள்ளி நமக்கு.

"குளகம்" வந்த அன்று, குளத்துப் பாசி என்று எழுதிய என் அண்ணி எல்லா ஓட்டையும் அள்ளிவிட்டார். பல பாட்டுகள் சேர்ந்து ஒரே வினையில் முடிவதுதான் குளகம் என்பதை யாருமே நம்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல்லிலும் ஏமாறுவோம். "பாட்டி" என்றால் என்ன என்று கேட்டேன். "பாட்டி என்ப பன்றியும் நாயும்" என்கிறது தொல்காப்பிய மரபியல். அதாவது அவற்றின் பெண். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அம்மா, "நல்லவேளை, என்னைய அப்பத்தான்னு கூப்பிடுறீக" என்றார்.

இப்போது தகராறு வேறு. அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் முறை வந்தபோது "காளவாசலித்தல்" என்று வாசித்தாள். செங்கல் அடுக்குவது, புகை கிளப்புவது என்று நாங்கள் எழுதித் தள்ளினோம். கடைசியில் அவள் சொன்ன பொருள்: "இன்னும் வீட்டையே பூட்டாமல், பாதி வழி வந்துவிட்டதாகப் போனில் சொல்லுதல்." அண்ணன் குடும்பம் இருப்பது மதுரை சிம்மக்கல். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் உள்ள ஒரு சந்திப்புதான் காளவாசல். கிளம்பிவிட்டீர்களா என்று அம்மா எப்போது கேட்டாலும் அண்ணன் சொல்லும் பதில், "காளவாசல் தாண்டிட்டோம்". அவள் அகராதியில் வாசிக்கவே இல்லை. தானே உண்டாக்கி, நடுவில் செருகிவிட்டாள்.

அகராதியில் இல்லாதது சொல்லே இல்லை, புள்ளி கிடையாது என்கிறார் அண்ணன். அகராதி எழுதினவர்கள் சொல்லை உண்டாக்கவில்லை, ஊரார் பேசியதையும் ஏட்டில் இருந்ததையும் பார்த்துத்தான் எழுதினார்கள் என்கிறாள் மகள். நான் அவள் கட்சி. லெக்சிகனின் ஆறு தொகுதிகளும் 1924 முதல் 1936 வரைக்குள் வெளிவந்துவிட்டன. அதில் கணினியைத் தேடினால் கிடைக்குமா? அதற்காகக் கணினி சொல் இல்லை என்று ஆகிவிடுமா? ஆனால் அண்ணன் இலக்கண ஆதாரம் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடவே இன்னொன்று. பூ வைத்த பெண்கள் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் பஸ்ஸுக்குள் மல்லி வாசம் நிற்குமே, அதற்கு ஒரு சொல் வேண்டும். நான் எழுதி வைத்த "பின்மணம்" பாடப் புத்தகத்தில் வருவதுபோல இருக்கிறது. எனக்கே பிடிக்கவில்லை.

மேலூர் தமிழாசிரியர்:

அம்மா, புதுச்சொல் பிறக்கத் தடையே இல்லை. "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே" என்று நன்னூல் சொல்லிவிட்டது. உங்கள் அண்ணனிடம் இதைக் காட்டுங்கள்.

ஆனால் "காளவாசலித்தல்" எனக்கு உறுத்துகிறது. காதல், காதலித்தல் என்பதைப் பார்த்து அச்சு வார்த்திருக்கிறாள், கெட்டிக்காரப் பிள்ளை. இருந்தாலும் "நேத்து அவன் காளவாசலித்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பேச்சில் நிற்காது. நம் பேச்சு இந்த வேலையைப் "போடு" என்பதை வைத்து முடிக்கும். கடலை போடுகிறான், சீன் போடுகிறான். அந்த வரிசையில் "காளவாசல் போடாதே" என்றால் நாளைக்கே மேலூர் பஸ்ஸில் கேட்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ட, ர, ல போன்றவை தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. அப்படித் தொடங்கும் சொல்லை உண்டாக்க வேண்டாம்.

தெற்காவணி மூல வீதி பட்டறை:

சார், லந்தும் ரவுசும் இல்லாமல் மதுரையில் ஒரு நாள் பேச முடியுமா? ஒன்று லகரத்தில் தொடங்குகிறது, மற்றது ரகரத்தில். முன்னால் ஒரு இகரம் போட்டு "இலந்து" என்று எழுதினால் டீக்கடையில் யாருக்கு விளங்கும்? அந்தக் கட்டுப்பாட்டைப் பிள்ளைகள் மேல் ஏற்ற வேண்டாம்.

அக்கா, அண்ணன் கேட்ட ஆதாரம் எங்கள் பொன் வேலைத் தொழிலிலேயே இருக்கிறது. குழூஉக்குறி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பார்கள், வேடர் கள்ளைச் "சொல்விளம்பி" என்பார்கள் என்று உதாரணம் வரும். சொல்விளம்பி! குடித்தவன் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த ஒருவன்தான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். இதை யாரும் பெரிய சபை கூட்டி உண்டாக்கவில்லை. நாலு பேர் தங்களுக்குள் பேசினார்கள். நன்னூல் அதையும் வழக்கு என்று ஏற்றுக்கொண்டது. உங்கள் வீடும் ஒரு குழுதானே? அந்தப் பிள்ளைக்குப் புள்ளி கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் பட்டறையில் இன்றைக்குப் "பறி" புழக்கத்தில் இல்லை. அதற்குப் பதிலாக வேறு சொற்கள் உண்டு, வெளியில் சொல்ல மாட்டோம். காளவாசலைப் பற்றி ஒரு வார்த்தை: நம் பக்கம் செங்கல் சூளைக்கே காளவாசல் என்றுதான் பெயர். சூளைப் பெயர் சாலைச் சந்திப்பின் பெயராகி, இப்போது புளுகின் பெயராகவும் ஆகியிருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

மாட்டுத்தாவணி பூக்கடை:

நீங்கள் கேட்ட பூ விஷயத்துக்கு வருகிறேன். விடியுமுன்னே மொட்டாகப் பறித்து மார்க்கெட்டுக்கு வரும் பூவில் அவ்வளவு வாசம் இருக்காது. பொழுது சாய்ந்து மொட்டு விரியும்போதுதான் வாசம் தூக்கும். ஆகவே நீங்கள் சொல்வது காலை பஸ் இல்லை, ராத்திரி உசிலம்பட்டிப் பக்கம் திரும்பிப் போகிற கடைசி பஸ்கள். பூ இறங்கிவிடும், வாசம் இறங்காது. "இறங்காவாசம்" என்று வையுங்களேன். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, அதற்கு இந்த ஒரு சொல்லையாவது நாம் கொடுக்க வேண்டாமா?

மேலூர் தமிழாசிரியர்:

அருமை. வாடாமலர் என்பதுபோல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. லந்து, ரவுசு விஷயத்திலும் பட்டறைத் தம்பி சொல்வது சரி, ஊர் வாய் ஏற்றுக்கொண்டதை நான் தள்ளவில்லை. "வாசம்" மட்டும் வடசொல். "இறங்காமணம்" என்று மாற்றினால் முழுத்தமிழாகிவிடும்.

மாட்டுத்தாவணி பூக்கடை:

ஐயா, மணம் என்றால் கல்யாணமும்தானே. "இறங்காமணம்" என்றால் எந்த வீட்டில் எதற்குத் தடை என்று கேட்பார்கள். முகூர்த்த மாலைக்கு ஆர்டர் எடுக்கிற கடையில் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது.

செக்கானூரணி அத்தை:

இறங்காவாசமே இருக்கட்டும். வடசொல்லையும் நால்வகைச் சொல்லில் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணுகிறதே, வாசமும் இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாப் பதிலையும் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். நன்னூல் வரிக்கு அசையவில்லை, சொல்விளம்பிக்கு அசைந்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். உண்டாக்கிய சொல்லை ஆட்டத்துக்கு வெளியே, விளையாட்டு நினைப்பே இல்லாமல் வீட்டில் யாராவது பேசியிருக்க வேண்டும். அப்போதுதான் புள்ளி. எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் சொல்லி முடித்த மறு ஞாயிறே அம்மா போனில் அவரிடம், "காளவாசல் போடாம வெரசா கிளம்பி வாடா, குழம்பு ஆறுது" என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் ஐயா சொன்ன அதே "போடு". அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. புள்ளி பதிவாகிவிட்டது.

அடுத்து, ஜிகர்தண்டா குடித்து முடித்ததும் கிளாஸ் அடியில் கரண்டிக்குச் சிக்காமல் கிடக்கும் பாதாம் பிசினுக்கு ஒரு பெயர் தேடுகிறோம். "அடிவழுக்கி" என்கிறாள் மகள். வழுக்குவது கரண்டியிலிருந்துதான், கிளாஸை அது விடுவதே இல்லை, அதனால் பாதிப் பொருள்தான் வருகிறது என்பது என் எண்ணம். உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். ஞாயிறு மதியத்துக்குள் எழுதினால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம்.