ஆர்வியின் 12 வோல்ட் சோலாரையும் கேபினின் 24 வோல்ட் சோலாரையும் ஒன்றாக்கலாமா?

வடக்குக்காற்று:
மிச்சிகன் மாநிலத்தின் வடக்குப் பகுதியில் கேபின், கரண்ட் லைன் கிடையாது. 6 வோல்ட் 225 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி நாலு, சீரியஸில் 24 வோல்ட். கூரையில் 1200 வாட் பேனல், 3000 வாட் இன்வர்ட்டர். 12 மீட்டர் தள்ளி நிற்கும் ஆர்வியில் (படுக்கை, சமையல் வசதி உள்ள பயண வண்டி) 12 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, 100 வாட் பேனல் நாலு. கோடையில் ஆர்வி பேட்டரி மதியத்துக்குள்ளேயே ஃபுல், அதற்கு மேல் வரும் வெயில் வீண். கேபினில் விடியுமுன் பேட்டரி இறங்கிவிடுகிறது. இன்னொரு லித்தியம் சேர்த்து 24 ஆக்கி, கேபின் பேட்டரியோடு பேரலலில் போடலாமா? இல்லை, ஆர்வி பேனல்களை கேபினின் சார்ஜ் கன்ட்ரோலருக்கு (பேனல் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) இழுப்பது நல்லதா? அந்தக் கன்ட்ரோலரின் உச்ச வரம்பு 100 வோல்ட்.

கம்பிக்காரன்:
பேரலல் வேண்டவே வேண்டாம். 24 வோல்ட் லித்தியம் பேக் சும்மா இருக்கும்போதே 26.5 வோல்ட் காட்டும். ஃபுல் ஆன லெட் ஆசிட் 25.4-தான். அப்படியென்றால் ராத்திரி முழுக்க லித்தியம் லெட் ஆசிடுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். பகலில் சிக்கல் வேறு: லெட் ஆசிடுக்கு 29.6 வரை ஏற்ற வேண்டும், லித்தியத்துக்கு 28.4 போதும். 29.6-க்குப் போனால் லித்தியத்தின் பி.எம்.எஸ். (உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) துண்டித்துக்கொள்ளும், 28.4-லேயே நிறுத்தினால் லெட் ஆசிட் பிளேட்டில் சல்பேட் படியும். எந்தப் பக்கம் செட்டிங் வைத்தாலும் ஒன்று கெடும்.

பேனலை இழுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நாலையும் சீரியஸில் போட்டால் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (லோடு இல்லாதபோது வருவது) 22 x 4 = 88 வோல்ட். 25 டிகிரியில் சரி. மைனஸ் 25 டிகிரி காலையில் இது ஏறத்தாழ 15 சதவீதம் ஏறி 101 ஆகும், கன்ட்ரோலர் போய்விடும். இரண்டிரண்டாகப் போட்டால் வேலை செய்யும் வோல்டேஜ் 36, வெயிலில் சுட்டுக் கிடக்கும்போது 30 பக்கம் இறங்கும். 29.6-க்கு ஏற்ற அங்கே இடமே இல்லை. பேனல் அதனதன் கன்ட்ரோலரிலேயே இருக்கட்டும்.

வெயில்வேலி:
கம்பிக்காரன் சொன்னதுதான் சரி. மிச்ச வெயிலை மட்டும் கேபினுக்குத் தள்ள டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து எடுத்து இன்னொன்றை ஏற்றும் கருவி) போடுங்கள். விக்ட்ரான் ஓரியன்-டிஆர் ஸ்மார்ட் 12/24-15 ஐசொலேட்டட் மாடல் இதற்குப் பொருந்தும். வெளியே 15 ஆம்பியர், உள்ளே இழுப்பது 38 ஆம்பியர் வரை. அதனால் சார்ஜரை ஆர்வி பேட்டரிக்கு ஒட்டியே வையுங்கள், நீளக் கேபிள் 24 வோல்ட் பக்கம் ஓடட்டும். போக வர 24 மீட்டருக்கு 10 கேஜ் போட்டால் 1.2 வோல்ட் விழும், அதைவிடத் தடிமனான 6 கேஜ் போட்டால் அரை வோல்ட்கூட விழாது. 6 கேஜே வாங்குங்கள்.

ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும்: லித்தியம் டெர்மினல் பக்கத்தில் 60 ஆம்பியர், கேபின் பேட்டரி பக்கத்தில் 30. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். நடுவில் கேபிள் உரசிப் போனால் கேபின் பேட்டரியே அந்தக் கம்பியை எரிக்கும். லித்தியம் பக்கம் கார் பிளேடு ஃபியூஸ் வேண்டாம், ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்கள்.

எப்போது ஓட வேண்டும் என்பதை வோல்டேஜை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேனல் 30 ஆம்பியர் தரும்போது சார்ஜர் 38 கேட்கும். வோல்டேஜ் சரியும், சார்ஜர் நிற்கும், வோல்டேஜ் ஏறும், மறுபடி ஓடும். நாள் முழுக்க இதே ஆட்டம். பிஎம்வி-712 பேட்டரி மானிட்டரின் ரிலேயை சார்ஜரின் ரிமோட் முனையில் கட்டி, ஆர்வி பேட்டரியின் சார்ஜ் 95 சதவீதத்தில் ஆன், 70-ல் ஆஃப் என்று வையுங்கள்.

சார்ஜர் ஆர்வியில் இருப்பதால் கேபின் பேட்டரியின் சூடு அதற்குத் தெரியாது. அதனால் 28.8-க்கு மேல் வைக்க வேண்டாம், கடைசி ஏற்றத்தை கேபின் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். ஒரே பேட்டரியில் இரண்டு சார்ஜர் இருப்பதில் தப்பில்லை. நல்ல வெயிலில் 400 வாட் நாளுக்கு 1.3 முதல் 1.5 யூனிட் தரும். ஆர்வி செலவு போக மிச்சம்தான் கேபினுக்கு. குளிரில் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது, கேபினுக்குத் தள்ளியதைத் திரும்ப நிரப்ப முடியாது.

வடக்குக்காற்று:
தெளிவாகிவிட்டது, நன்றி. மழை நாட்களில் திருப்பி, கேபின் இன்வர்ட்டரிலிருந்து ஆர்வியின் ஷோர் கேபிளுக்கு (வெளிக் கரண்டை வண்டிக்குள் எடுக்கும் கேபிள்) கரண்ட் கொடுக்கலாமா?

கம்பிக்காரன்:
கொடுக்கலாம். சொருகும் முன் ஆர்வியின் கன்வர்ட்டர் (120 வோல்ட்டிலிருந்து ஆர்வி பேட்டரியை ஏற்றுவது) பிரேக்கரையும் டிசி-டிசி சார்ஜரையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேபின் பேட்டரி ஆர்வி பேட்டரியை ஏற்றும், அது திரும்ப கேபினை ஏற்றும், ஒவ்வொரு சுற்றிலும் கால்வாசிக்கு மேல் சூடாகவே போய்விடும். ஃபிரிட்ஜை ஆட்டோவில் விடாமல் கேஸில் வையுங்கள், வாட்டர் ஹீட்டரின் மின் சுவிட்சையும் அணையுங்கள். அந்த எலிமென்ட் மட்டும் 1440 வாட். புதிதாக பிளக் பாயின்ட் வைத்தால் 120 வோல்ட் டிடி-30 (TT-30, ஆர்விக்கான 30 ஆம்பியர் பிளக்) மட்டும். துணி டிரையர் பிளக்கும் 30 ஆம்பியர்தானே என்று 240-ஐக் கொடுத்தால் ஆர்வியில் இருக்கும் சாமான் எல்லாம் கருகும்.

நியூட்ரலையும் மல்டிமீட்டரில் பாருங்கள். இன்வர்ட்டர் பிளக்கில் லைன்-எர்த் 120, நியூட்ரல்-எர்த் 0 என்றால் கேபினில் பாண்ட் (நியூட்ரலும் எர்த்தும் சேரும் இணைப்பு) இருக்கிறது, ஆர்விக்குள் இன்னொன்று கூடாது, இருந்தால் ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு) விழும். இரண்டிலும் 60, 60 காட்டினால் நியூட்ரலை எர்த்தோடு கட்டாதீர்கள், சில இன்வர்ட்டர்கள் அந்த நொடியே போய்விடும். அந்த இன்வர்ட்டரில் ஆர்வியைச் சொருகவே வேண்டாம்.