சரத்தின் (string, நிரலில் வரும் எழுத்துத் தொடர்) நீளம் என்று கேட்டால் நிரல்மொழி எதை எண்ண வேண்டும்?

நிரல்மாறன்:
புதிய நிரல்மொழியின் நூலகத்தில் "நீளம்" என்று ஒரே செயற்கூறு (function) போதும். அது கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணட்டும். "கொடி" என்ற சரத்துக்கு ஸ்விஃப்ட் மொழி 2 என்கிறது. குறியீட்டுப் புள்ளிகளை, அதாவது யூனிகோட் என்ற உலகத் தரம் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் தரும் எண்களை, எண்ணும் பைத்தான் மொழி 4 என்கிறது. ரஸ்ட், கோ மொழிகள் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும் பைட்டுகளை எண்ணி 12 என்கின்றன. நிரல் எழுதக் கற்கத் தொடங்குபவர் எந்த விடையை எதிர்பார்ப்பார்?

பைட்காவலர்:
"க்ஷ" எத்தனை எழுத்து? நமக்கு ஒன்று, யூனிகோட் விதிப்படி இரண்டு. 2023இல் வந்த யூனிகோட் 15.1 பதிப்பு தேவநாகரிக் கூட்டெழுத்துகளை ஒன்றாக எண்ணத் தொடங்கியது, தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. யூனிகோட் அட்டவணை மாறினால் அதே நிரல் வேறு விடை தரும் என்றால், அந்த எண்ணை நம்பி எதைச் சேமிப்பது? செலவும் இருக்கிறது: பத்தாயிரமாவது எழுத்தைக் கேட்டால் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். ரஸ்ட் சரத்துக்குள் இத்தனையாவது எழுத்து என்று எண்ணிட்டு எடுக்கவே விடுவதில்லை. அதுதான் நேர்மை. பைட்_எண்ணிக்கை, எழுத்து_எண்ணிக்கை என்று பெயரிலேயே சொல்லுங்கள்.

நிரல்மாறன்:
"க்ஷ" குறைதான், மறுக்கவில்லை. ஆனால் பைத்தானில் "கொடி"யின் முதல் மூன்றை வெட்டினால் "கொட" வருகிறது. பிழைச்செய்தி கிடையாது, வேறு சொல் ஒன்று அமைதியாகத் தரவுத்தளத்துக்குப் போய்விடுகிறது. "கொ"வின் குறியை ஒரே புள்ளியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைத்தான் இரண்டையும் சமமில்லை என்கிறது, ஸ்விஃப்ட் சமம் என்கிறது. தன் பெயரைத் தேடிக் கிடைக்காமல் நிற்கும் பயனரிடம் பைட்டுகளைப் பற்றி விளக்குவீர்களா?

எழில்வாணி:
நீளத்தோடு நிற்காதீர்கள். அன்றாடம் நிரலைக் கெடுப்பவை வேறு. பைத்தானின் எல்ஸ்ட்ரிப் (lstrip) செயற்கூறு முன்னொட்டை நீக்கும் என்றே பெயரைப் பார்ப்பவர் நினைப்பார். "முன்னுரை"யிலிருந்து "முன்" நீக்கச் சொன்னால் "னுரை" அல்ல, "ரை" மிஞ்சுகிறது. கொடுத்ததை அது எழுத்துக்குறிகளின் தொகுப்பாக எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏதாவது முன்னால் இருக்கும்வரை சுரண்டுகிறது. முன்னொட்டுக்கென்று தனிச் செயற்கூறு 2020இல், 3.9 பதிப்பில்தான் வந்தது. தேடலும் அப்படியே: கிடைக்காவிட்டால் -1 வருகிறது, அதே -1 கடைசி எழுத்தின் இடத்தையும் குறிக்கிறது. சோதிக்க மறந்தவருக்குத் தவறான எழுத்து கையில் வரும். "இல்லை" என்பது எண்ணாகவே இருக்கக் கூடாது.

பைட்காவலர்:
-1 விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் சமம் பார்ப்பதில் ஒத்துக்கொள்ள முடியாது, நிரல்மாறன். சமம் என்று மொழி சொன்ன இரண்டு சரங்களை வட்டில் எழுதினால் பைட்டுகள் வேறு, அந்தப் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் ஹாஷ் என்ற அடையாள மதிப்பும் வேறு. மின்கையொப்பச் சரிபார்ப்பு அங்கே தோற்கும். சரம் உள்ளே வரும்போது ஒருமுறை ஒரே வடிவத்துக்கு மாற்றி இயல்பாக்கினால் போதும். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் அதை மறைத்துச் செய்ய வேண்டாம்.

நிரல்மாறன்:
சரி, அடைமொழியில்லாத "நீளம்" வேண்டாம். சமத்துக்கும் இரண்டு பெயர்கள் இருக்கட்டும். வெட்டும் செயற்கூறு மட்டும் எந்த அலகில் எண் கொடுத்தாலும் உயிர்மெய்யின் நடுவே கத்தி வைக்கக் கூடாது. அதில் நான் இறங்கி வர மாட்டேன்.