ஹூட் கிப்சன் படங்களை அழித்தது குற்றமா, வெறும் கணக்கா?

பழையரீல்:
ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டு 1921இல் நடிகர் ஹூட் கிப்சனை வைத்து 'ஆக்‌ஷன்', 'ஷ்யூர் ஃபயர்' என்று இரண்டு கௌபாய் படங்கள் எடுத்தார். இரண்டுமே இன்று இல்லை. கிப்சன் மற்ற கௌபாய்களைப் போல விறைப்பாகத் திரிகிறவர் அல்ல. பல படங்களில் இடுப்பில் துப்பாக்கியே இருக்காது, இருந்தால் பூட்ஸுக்குள் செருகியிருப்பார். சிரிக்க வைத்தே ஜெயிக்கிற ஆள். 1948இல் யுனிவர்சல் ஸ்டூடியோ தன்னிடம் மிச்சமிருந்த ஊமைப்படங்களைத் தானே அழித்தது. தீ விபத்து இல்லை, வெள்ளம் இல்லை, தெரிந்தே செய்த காரியம். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கணக்குப்பிள்ளை:
சார், அந்த யுனிவர்சல் மேனேஜர் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பேசும்படம் வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. எந்தத் தியேட்டரும் ஊமைப்படம் கேட்பதில்லை. கையில் இருப்பதோ நைட்ரேட் ஃபிலிம், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. 1937 ஜூலையில் நியூ ஜெர்சி லிட்டில் ஃபெரியில் ஃபாக்ஸ் ஸ்டூடியோவின் ஃபிலிம் கிடங்கு வெயில் சூட்டிலேயே எரிந்தது. ஒரு சிறுவன் செத்தே போனான். இன்னொரு கௌபாய் நடிகர் டாம் மிக்ஸின் படங்கள் நிறைய அதில்தான் போயின. இன்னொரு பக்கம், ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது, பிரித்து எடுத்தால் காசு. சாப்பிட்டு முடித்ததும் கறிவேப்பிலையை என்ன செய்கிறோம்?

பழையரீல்:
கறிவேப்பிலை எல்லாம் சரி. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த முழுநீள ஊமைப்படங்கள் கிட்டத்தட்ட 11,000. அன்று வெளியான வடிவிலேயே முழுதாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று 2013இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் சொன்னது. மீதி அத்தனையையும் கிடங்குச் செலவில் எழுதிவிடுவீர்களா?

கணக்குப்பிள்ளை:
கௌபாய் படத்தில் அப்படி என்ன பெரிய கதை? ஒரு கெட்டவன், ஒரு பெண், ஒரு குதிரை. கதைச்சுருக்கம் பழைய பத்திரிகைகளில் இருக்கும். அது போதாதா?

மைதிலி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சோகப் படமென்றால் சுருக்கத்தை வைத்துப் பாதியாவது ஊகிக்கலாம். சிரிப்புக்கு அது நடக்காது. ஃபோர்டின் 'பக்கிங் பிராட்வே' (1917) இருக்கிறதே, "காதலியை மீட்கக் கௌபாய் நியூயார்க் போகிறான்", இவ்வளவுதான் சுருக்கம். படத்தில் கௌபாயாக நடிக்கும் ஹாரி கேரி ஹோட்டல் அறையில் இருக்கும்போது நீராவி ஹீட்டர் புஸ்ஸென்று சீறுகிறது. பாம்பு என்று நினைத்துத் துப்பாக்கியை உருவுகிறார்! இதை எந்தப் பத்திரிகை எழுதியிருக்கும்? எழுதினாலும் சிரிப்பு வருமா? நான் எழுதியதற்கே உங்களுக்கு வந்திருக்காது. இந்தப் படமும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2002இல் பிரான்ஸ் அரசின் சினிமாக் காப்பகத்தில் கிடைத்தது.

கணக்குப்பிள்ளை:
சரி, ஹீட்டர் உங்களுக்கே. ஆனால் தப்பித்த படங்கள் எப்படித் தப்பின? அந்தக் காலத்தில் கனடாவின் டாசன் சிட்டிதான் படப்பெட்டி போய்ச் சேரும் கடைசி ஊர். அனுப்பு கூலி கட்டுப்படியாகாது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. 1929இல் நீச்சல் குளத்தைத் தூர்க்க 500க்கு மேற்பட்ட ரீல்களைக் கொட்டி மூடினார்கள். அவை 1978இல் தோண்டும்போது கிடைத்தன. ஆக, படத்தைக் காப்பாற்றியதும் அதே கஞ்சத்தனம்தான்!

பழையரீல்:
ஃபோர்டின் 'அப்ஸ்ட்ரீம்' (1927) நியூசிலாந்தில் கிடைத்ததே, அதைச் சேர்த்து வைத்திருந்தவர் ஒரு தியேட்டர் ஆபரேட்டர். திருப்பி அனுப்பாதது வேண்டுமானால் கஞ்சத்தனமாக இருக்கட்டும். அதன்பிறகு அத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தாரே, அதற்கு உங்கள் பேரேட்டில் எந்தப் பத்தி?

கணக்குப்பிள்ளை:
அந்த ஆபரேட்டருக்கு ஒரு கும்பிடு. யுனிவர்சல் மேனேஜரை மட்டும் இப்போதும் தூக்கில் போட மாட்டேன். மைதிலி மேடம், அந்த ஹீட்டர் படம் எங்கே கிடைக்கும்? அப்புறம், ஊமைப்படத்தில் ஹீட்டர் சீறியது உங்களுக்கு எப்படிக் கேட்டது?

மைதிலி:
கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட, ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' பட டிவிடியில் கூடவே இருக்கிறது. கேரியின் முகத்தைப் பாருங்கள், கேட்கும்.